காணாமல் போனவருக்காக எப்படிச் செபிப்பது? ஒக்கிக்குப் பின் ஒரு மீனவக் குடும்பம்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் வாழும் ஒரு கத்தோலிக்க மீனவக் குடும்பத்தைப் பற்றிய பதிவு இது. 2017 நவம்பர் கடைசியில் வீசிய ஒக்கி புயலில் அந்த வீட்டின் தலைவர் காணாமல் போனார். அன்று முதல் ஓராண்டுக்கும் மேலாக அந்த வீட்டில் செபம் எப்படி நடந்தது, எங்கே அவர்களைத் தாங்கியது, எங்கே அவர்கள் மேல் சுமையாக ஏறியது, எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த சமூகத்தில், துயருற்ற வீடுகளுக்குத் துணைபோன எங்கள் குழு எந்த இடத்தில் என்ன முடிவெடுத்தது என்பதை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். குடும்பத்தார் சம்மதித்திருக்கிறார்கள். ஆட்களின் பெயர், ஊர், படகு எதுவும் இதில் இல்லை. அன்பியம் எனும் அக்கம்பக்கத்து வீடுகளின் செபக் குழுக்களின் பொறுப்பாளர்களும், மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியார்களும் வீடு சந்திக்கும் அருட்சகோதரிகளும் படிக்க வேண்டும் என்று விரும்பித்தான் எழுதுகிறேன். இப்படிப்பட்ட வீட்டுக்குள் நுழையும்போது நம் வாயில் முதலில் வரும் செபம் எதுவோ, அது அந்த வீட்டில் நெடுநாள் தங்கிவிடும்.

பின்னணி

இந்தக் கரையில் முக்குவர் என்ற மீனவச் சமூகத்தின் ஊர்களுக்குப் புனித பிரான்சிஸ் சவேரியார் வந்து திருமுழுக்குக் கொடுத்தது 1544-இல். அதற்குப் பின் இத்தனை தலைமுறைகளாகக் கடலும் கோயிலும் சேர்ந்தே இங்கே நாளை நடத்துகின்றன. கடற்கரையில் குருசடி என்ற சிறு சிலுவைக் கோயில், கோயில் முற்றத்தில் மாதா சிலை வைத்த கெபி, சாயங்காலம் மணி அடித்தால் வீட்டுக்கு வீடு செபமாலை. தூத்தூர் வட்டாரத்து ஆண்கள் ஆழ்கடலில் சுறாவும் சூரையும் பிடிப்பதில் பேர்போனவர்கள். கொச்சி, நீண்டகரை போன்ற துறைமுகங்களிலிருந்து ஏறினால் வாரக்கணக்கில் கடலிலேயே தங்கித் தொழில் செய்வார்கள். போனவர் எப்போது வருவார் என்று தேதி சொல்ல முடியாது. ஐஸ் தீர வேண்டும், அல்லது மீன் நிறைய வேண்டும்.

நான் சொல்லும் வீட்டில் அவர், அவருடைய மனைவி, பத்தாம் வகுப்பில் படித்த மகன், நாலாம் வகுப்பில் படித்த மகள், அவருடைய அம்மா என ஐந்து பேர். செபமாலையை எப்போதும் நடத்துவது அம்மாதான். ஐந்து பத்துகளும் மாதா பிரார்த்தனையும் முடிந்ததும் இரண்டு கருத்துகள் வரும். முதலில் "கடலில் இருக்கிறவங்களுக்காக" என்று ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள் நிறைந்த மந்திரம். மகன் தொழிலில் இருக்கும் நாளெல்லாம் அவர் பெயரும் படகில் உடனிருப்பவர்கள் பெயரும் அதில் வரும். அடுத்தது இறந்தவர்களுக்கு. அம்மாவின் கணவர், பெற்றோர், 2004 டிசம்பர் 26 சுனாமியில் போன அவருடைய அண்ணன் பிள்ளைகள் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லி, "நித்திய இளைப்பாற்றியை அவர்களுக்கு அளித்தருளும் ஆண்டவரே" என்று முடிப்பார். இந்த இரண்டு பட்டியல்களையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் எழுந்த சிக்கல் முழுக்க இவற்றுக்கு நடுவில்தான் இருந்தது.

புயலும் முதல் வாரங்களும்

நவம்பர் 29 அன்று காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, 30 காலையில் குமரிக் கடலில் புயலாகிவிட்டது. அன்று வியாழன். மீனவரான அந்திரேயா திருத்தூதரின் திருநாள். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவும் நடந்துகொண்டிருந்தது. மாவட்டம் முழுக்க ரப்பரும் வாழையும் மின்கம்பங்களும் சாய்ந்து, கரண்டும் போனும் இல்லாமல் போயின. அறிவிப்பு வந்தபோது ஆழ்கடல் படகுகள் போய் நாட்கள் ஆகியிருந்தன. கரையிலிருந்து அவ்வளவு தூரத்துக்கு வயர்லெஸ் எட்டாது.

முதலில் ஊர் பதறியது பக்கத்துக் கடலில் இருந்த வள்ளங்களுக்காக. இந்த வீட்டில் அப்போது பெரிய கலக்கம் இல்லை. படகு வெகுதூரம் போயிருக்கிறது, காற்று அங்கே எட்டியிருக்காது, கிறிஸ்மசுக்கு முந்தித்தான் கரை வரும் என்று மனைவி எல்லோரிடமும் சொன்னார். அடுத்தடுத்த நாட்களில் லட்சத்தீவிலும் மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் படகுகள் கரையேறிய செய்தி வந்தது. ஒதுங்கியவர்களின் பெயர்களைக் கோயில் மைக்கில் வாசித்தார்கள். ஒவ்வொரு முறையும் அவர் பெயர் வரவில்லை. உயிர் தப்பி வந்த வேறு படகுக்காரர் ஒருவர், புயலுக்கு முந்தின நாள் அந்தப் படகோடு பேசியதாகச் சொன்னார். அதற்குப் பின் ஒரு தகவலும் இல்லை.

டிசம்பர் 7 அன்று தேடுதலைத் தீவிரப்படுத்தக் கேட்டு ஆயிரக்கணக்கான மீனவர்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். இந்தப் பெண்ணும் போனார். மாமியார் வீட்டில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். கடவுளிடம் கேட்பதும் அரசிடம் கேட்பதும் அந்த வீட்டில் ஒருபோதும் மோதவில்லை. "செபிக்கிறவங்க எதுக்குப் போராடணும்" என்று வெளியில் சிலர் பேசிய நாட்கள் அவை. அப்படிப் பேசியவர்கள் இந்த வீட்டுக்குள் ஒரு சாயங்காலம் உட்கார்ந்திருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது.

வீட்டில் நாங்கள் கண்டவை

டிசம்பர் நடுவில் நாங்கள் போகத் தொடங்கியபோது அங்கே செபம் பலமடங்கு பெருகியிருந்தது. காலையில் செபமாலை, மதியம் இறை இரக்கச் செபமாலை, சாயங்காலம் ஊரோடு, இரவு மறுபடி. செவ்வாய் தோறும் காணாமல் போனதைத் தேடித் தரும் புனித அந்தோணியாருக்கு நவநாள். வேளாங்கண்ணிக்கு நடந்து வருவதாக மாமியாரின் நேர்ச்சை. வெள்ளிக்கிழமை விரதம் மெல்ல மெல்ல நாள்விரதமாகிவிட்டிருந்தது. மனைவி சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. சின்ன மகளும் தட்டைத் தள்ள ஆரம்பித்திருந்தாள்.

இதை மட்டும் பார்த்துவிட்டு, செபம் இவர்களைக் கெடுக்கிறது என்று முடிவுகட்டியிருந்தால் தப்பாகியிருக்கும். சாயங்காலச் செபத்துக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் வருவார்கள். வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. அரிசியோ மரச்சீனிக் கிழங்கோ பொரித்த மீனோ அடுப்படியில் வைத்துவிட்டுத்தான் பாயில் உட்காருவார்கள். கேட்காமலே வந்த உதவி அது. பகலில் ஒரு துளி கண்ணீர் விடாத மனைவி அந்த நேரத்தில் மட்டும் அழுதார். "பகல் முழுக்கப் பிள்ளைகளுக்கு முன்னால வாயை மூடிட்டு இருக்கேன் சிஸ்டர். இந்த ஒரு மணி நேரந்தான் எனக்கு மூச்சு விட முடியுது" என்று எங்களோடு வந்த சகோதரியிடம் சொன்னார். காத்திருப்பில் நாளுக்கு வடிவமே இல்லாமல் போகிறது. மணியடித்தால் பாய் விரிப்பது என்ற ஒன்று மிச்சமிருந்ததால்தான் அந்த வீடு சிதறவில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்படியிருந்தும் உரசல்கள் இருந்தன. ஒருநாள் வெளியிலிருந்து வந்த ஒருவர் கடலோர மக்களுக்குப் பொருத்தமாக இருக்கும் என்று வேதாகமத்தின் திருப்பாடல் 107-ஐ வாசித்தார். கப்பலேறிப் போனவர்கள் புயலில் சிக்கிக் கூப்பிடுகிறார்கள், ஆண்டவர் காற்றை அடக்கி அவர்கள் விரும்பிய துறைமுகத்தில் சேர்க்கிறார் என்ற பகுதி. பாதியில் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அவர்கள் கூப்பிட்டார்கள், கரை சேர்ந்தார்கள். அப்படியானால் என் வீட்டுக்காரர் கூப்பிடவில்லையா? அவர் அதை வாய்விட்டுக் கேட்டது பிறகுதான். ஆனால் அறையில் இருந்த எல்லோருக்கும் அந்த நேரமே அது புரிந்தது. இயேசு புயலை அடக்கிய மாற்கு 4-ஆம் அதிகாரமும் அந்த மாதங்களில் அதே வேலையைத்தான் செய்தது. நம் கைக்கு முதலில் அகப்படும் வசனம் கடலில் ஆளைப் பறிகொடுத்தவருக்கு ஆகாத வசனமாக இருக்கலாம்.

அடுத்தது அந்த இரண்டு பட்டியல்கள். கிறிஸ்மஸ் கழிந்தது. அந்த ஆண்டு எங்கள் ஊரில் நட்சத்திரம் தொங்கவிட்ட வீடுகள் குறைவு. அதற்குப் பின் வந்த ஒரு சாயங்காலம், இறந்தவர்களுக்கான செபத்தில் பெயர்களைச் சொல்லும்போது, உறவுக்காரப் பெண் ஒருவர் காணாமல் போனவர் பெயரையும் சேர்த்துவிட்டார். மாமியார் செபத்தை நிறுத்திவிட்டார். "என் மவன் பேரை அந்தக் கூட்டத்தில சேக்காதே" என்றார். அன்று செபம் முடியவே இல்லை. அடுத்த நாள் சிலர் வரவில்லை. கடலில் இருப்பவர்கள் பட்டியலில் சொன்னால் பொய் நம்பிக்கை என்று ஒரு பக்கம், இறந்தவர்கள் பட்டியலில் சொன்னால் நாமே அவரைக் கொல்கிறோம் என்று மறுபக்கம். சாவுக்குச் சடங்கு இருக்கிறது. அடக்கம், ஏழாம் நாள், முப்பதாம் நாள் என்று துக்கம் நடந்து போக ஒரு பாதை உண்டு. காணாமல் போனதற்கு அப்படி ஒன்றும் கிடையாது.

இதற்கு நடுவில் வெளியூரிலிருந்து ஒரு செபக் குழுவினர் வந்தார்கள். நெடுநேரம் செபித்தார்கள். பிறகு, அவர் ஒரு தீவில் உயிரோடு இருப்பதைக் கடவுள் காட்டியதாகவும், வீட்டார் விசுவாசத்தில் தளராமல் இருந்தால் வந்துசேர்வார் என்றும் சொன்னார்கள். அந்த நேரத்தில் கேரள அரசு மருத்துவமனைகளின் பிணவறைகளில் அடையாளம் தெரியாத உடல்கள் இருந்தன. உறவினர்களின் ரத்த மாதிரி எடுத்து மரபணுச் சோதனை செய்தால்தான் யார் என்று தெரியும். மகனும் மாமியாரும் ரத்தம் கொடுக்க வேண்டியவர்கள். "ரத்தம் கொடுத்தால் அவிசுவாசம்" என்று அந்தக் குழு சொல்லிவிட்டுப் போனது. மாமியார் மறுத்துவிட்டார். மனைவிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மகன் ஒன்றும் சொல்லாமல் வாசலில் நின்றான். அன்றிலிருந்து அவன் செபத்துக்கு உட்காரவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பங்குத்தந்தை, வீடு சந்திக்கும் சகோதரி, உபதேசியார், எங்களில் சிலர் கூடிப் பேசினோம். எல்லோரும் ஒரே மனமாக இருக்கவில்லை. இறுதியில் எல்லோரும் ஒத்துக்கொண்டது இதுதான்: அவர் இருக்கிறாரா இல்லையா என்பதைச் செபத்தின் வாயால் யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அது தேடுகிறவர்களும் சோதனைக்கூடமும் காலமும் சொல்ல வேண்டியது. செபம் அந்த வேலையைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டால், அவர் வராதபோது வீட்டார் அவரை இழப்பதோடு கடவுளையும் இழப்பார்கள். போதாக்குறைக்கு, நம் விசுவாசம் பத்தவில்லை என்ற பழியும் அவர்கள் மேலேயே விழும்.

அதிலிருந்து முதல் முடிவு வந்தது. வீட்டுச் செபத்தில் அவர் பெயரை இரண்டு பட்டியல்களுக்கும் நடுவில், தனியாகச் சொல்வது: "எங்கே இருந்தாலும் உம் கையில் இருக்கிற" என்று தொடங்கி அவர் பெயர், பிறகு ஒரு பரலோக மந்திரம். மாமியாரிடம் இதைச் சொன்னது பங்குத்தந்தை. திருச்சபைச் சட்டத்தின் 901-ஆம் பிரிவுப்படி வாழ்கிறவர்களுக்காகவும் இறந்தவர்களுக்காகவும் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம், ஆகவே எந்தப் பக்கமும் சாயாமல் அவர் பெயரில் பூசை வைக்கலாம் என்று விளக்கினார். "அப்போ பூசை வச்சா செத்துட்டான்னு ஆவாதுல்லா சாமி?" என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். ஆகாது என்று சாமி ஒவ்வொரு முறையும் பொறுமையாகச் சொன்னார். அந்த வாரமே முதல் பூசை நடந்தது. வராமல் நின்றிருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் செபத்துக்குத் திரும்பி வந்தார்கள்.

இரண்டாவது, எந்த வசனத்தை வாசிப்பது என்பது. 150 திருப்பாடல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். நம் செபக் கூட்டங்களில் அவை அபூர்வமாகவே ஒலிக்கின்றன. இந்த வீட்டுக்கு நாங்கள் 13, 88, 130 ஆகிய மூன்றையும் எடுத்தோம். எத்தனை காலம் என்னை மறந்திருப்பீர் என்று கேட்பது 13. ஆழத்திலிருந்து கூப்பிடுவது 130. 88-ஆம் பாடலைச் சேர்ப்பதற்குக் குழுவிலேயே எதிர்ப்பு இருந்தது. மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பும். அது இருளிலேயே முடிந்துவிடும். அப்படிப்பட்டதை இந்த வீட்டில் வாசிக்கலாமா என்று உபதேசியார் கேட்டார். நியாயமான கேள்விதான். வேதாகமமே அதை அப்படி முடித்து வைத்திருக்கிறது, நாம் ஏன் அதற்கு வால் ஒட்ட வேண்டும் என்று சகோதரி சொன்னதில் எங்களுக்கு உடன்பாடு ஏற்பட்டது. வாசித்த அன்று மனைவி எழுந்து போகவில்லை. முடிந்ததும், "இப்படியெல்லாம் கடவுள்கிட்டப் பேசலாமா?" என்று கேட்டார். பேசலாம் என்றோம். அதற்குப் பின் அவர் அந்தப் பாடலைத் தாமே எடுத்து வாசிக்கத் தொடங்கினார். ஒரு நாள் வாசித்து முடித்துவிட்டு, கடவுளைப் பார்த்துக் கோபமாகவே சில வார்த்தைகள் சொன்னார். மாமியாருக்கு அது அதிர்ச்சி. எனக்கோ, அந்த வீட்டில் கேட்ட செபங்களிலேயே நேர்மையானது அதுதான் என்று பட்டது.

எங்கள் குழுவினருக்கும் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம். வேதாகமத்தில் எல்லாவற்றையும் பறிகொடுத்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்தார்கள்; வாய் திறந்த பிறகுதான் காரியம் கெட்டது. "கடவுள் காரணத்தோடுதான் செய்வார்", "தாங்கக்கூடிய பாரத்தைத்தான் கொடுப்பார்" என்ற இரண்டு வாக்கியங்களையும் அந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று பேசி வைத்தோம். செபிக்க வார்த்தை வராத நாளில் ஆவியானவர் சொல்லொணாப் பெருமூச்சுகளோடு நமக்காகப் பரிந்து பேசுகிறார் என்ற உரோமையர் 8:26 மட்டும் போதும், மிச்ச நேரம் சும்மா உட்காரலாம் என்றிருந்தோம்.

மரபணுச் சோதனை மூன்றாவது. இதில் விட்டுக்கொடுக்க முடியாது என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. ஆனால் அந்த வெளியூர்க் குழுவோடு வாதம் செய்யப் போகவில்லை, அவர்களைத் திட்டவும் இல்லை. மாமியாருக்கு அவர்கள் மேல் மரியாதை இருந்தது. அதைப் புண்படுத்தினால் கதவு நமக்கும் மூடியிருக்கும். பங்குத்தந்தை அவரிடம் கேட்டது ஒன்றுதான். "அம்மா, பிணவறையில் கிடக்கிறது நம்ம ஊர்ப் பிள்ளை ஒருத்தனாக இருக்கலாம், வேற ஊர்ப் பிள்ளையாகவும் இருக்கலாம். நீங்க ரத்தம் கொடுத்து அது உங்க மகன் இல்லைன்னு தெரிஞ்சா, அந்தப் பிள்ளையோட அம்மாவைத் தேடுறது அவங்களுக்குச் சுலபமாகும்." மறுநாள் மாமியார் தாமாகவே கிளம்பினார். போகும் முன் குருசடியில் மெழுகுதிரி ஏற்றி, பிணவறையில் கிடக்கிற எல்லோருக்காகவும் செபித்துவிட்டுப் போனார்கள். மகனும் கூட வந்தான். செபத்துக்கு உட்காராதவன், ஆனால் பாட்டியின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனது அவன்தான்.

விரதத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வளரும் பிள்ளைகளும் உடல் தளர்ந்தவர்களும் விரதம் இருக்கத் திருச்சபை கேட்பதில்லை என்று சகோதரி எடுத்துச் சொன்னதும் மகள் சாப்பிட ஆரம்பித்தாள். மனைவியை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் மாத்திரை கொடுத்தார்கள். செபிக்கிறவர் மாத்திரை போடலாமா என்ற கேள்வி அங்கேயும் வந்தது. ரத்தக்கொதிப்புக்கு மாமியார் போடுகிற மாத்திரையைக் காட்டியதும் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

பின்னர் நடந்தவை

மரபணு எந்த உடலோடும் பொருந்தவில்லை. அதை நல்ல செய்தி என்று மாமியார் எடுத்துக்கொண்டார். மனைவி அன்று செபத்துக்கு வரவில்லை. உடல் கிடைத்திருந்தால் அடக்கமாவது செய்திருக்கலாம் என்று அவர் நினைத்ததைச் சொல்லிக்கொள்ளவும் கூச்சப்பட்டார்.

2018 பிப்ரவரி 14 அன்று விபூதிப் புதன். தவக்காலத்தில் வந்த சிலுவைப் பாதைகளில் மனைவி தவறாமல் கலந்துகொண்டார். மகன் உடலை மடியில் வாங்கும் மாதாவின் ஸ்தலத்தில் அவர் முழங்காலிலிருந்து எழவில்லை என்று உடன்போனவர்கள் சொன்னார்கள். அதற்குள் வீட்டுப் பண நெருக்கடியும் முற்றியிருந்தது. படகில் கணவருக்கு இருந்த பங்கின் கடன், நகை அடகு, பள்ளிக் கட்டணம். அப்போது நடப்பில் இருந்த இந்தியச் சாட்சியச் சட்டம் 1872-இன் 108-ஆம் பிரிவின்படி, 7 ஆண்டுகள் ஒரு தகவலும் இல்லாதவரைத்தான் இறந்தவராகக் கருத முடிந்தது. ஒக்கியில் காணாமல் போனவர்கள் விஷயத்தில் அவ்வளவு காலம் காத்திராமல் 20 லட்சம் ரூபாய் நிவாரணம் கொடுக்கத் தமிழக அரசு முடிவு செய்தது. அதற்குக் குடும்பத்தார் கையெழுத்துப் போட வேண்டும்.

கையெழுத்து என்றதும் பழைய கேள்வி மறுபடி எழுந்தது. போட்டால் விசுவாசம் இல்லை என்று ஆகுமா? இந்த முறை மனைவி எங்களிடம் கேட்கவில்லை. தாமே முடிவெடுத்தார். உயிர்ப்புப் பெருவிழா முடிந்து சில நாட்களில், மாமியாரிடம், "மாமி, நான் போடுகது அவரு இல்லன்னு சொல்லதுக்கு இல்ல. பிள்ளைகளுக்குச் சோறு போடுகதுக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்க் கையெழுத்துப் போட்டார். மாமியார் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் வழக்கம்போலப் பாயை விரித்தார். நடுவில் தனியாகச் சொல்லும் அந்தச் செபம் இருந்ததால்தான் அவர் அதைச் செய்திருக்க முடியும் என்று நினைக்கிறேன். தாளில் எந்தப் பட்டியலில் போட்டாலும், செபத்தில் அவர் பெயர் எந்தப் பக்கமும் தள்ளப்படவில்லை.

நவம்பர் 2, இறந்த விசுவாசிகள் நினைவு நாள். கல்லறைத் தோட்டத்தில் மற்ற வீட்டார் பூவும் மெழுகுதிரியும் வைக்கும்போது, கல்லறை இல்லாதவர்களுக்காகப் பெரிய சிலுவையடியில் பங்குத்தந்தை தனியாகச் செபித்தார். அன்று வீட்டுக்கு வந்து செபமாலை சொல்லும்போது, இறந்தவர்கள் பட்டியலின் முடிவில் மனைவி தம் கணவர் பெயரைத் தாமே சொன்னார். யாரும் சொல்லச் சொல்லவில்லை. மாமியார் நிறுத்தவில்லை, மறுமொழியும் சொல்லவில்லை. பிள்ளைகள் சொன்னார்கள். நவம்பர் 30 அன்று முதலாண்டுத் திருப்பலியை ஊரே சேர்ந்து ஒப்புக்கொடுத்தது.

அதற்குப் பின் அந்த வீட்டில் அவர் பெயர் இரண்டு இடத்தில் ஒலிக்கிறது. கடலில் இருக்கிறவர்களுக்கான செபத்தில் அம்மா சொல்கிறார், இறந்தவர்களுக்கான செபத்தில் மனைவி சொல்கிறார். ஒருவர் சொல்லும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை. சிலர் இதை இன்னும் சரிசெய்ய வேண்டிய ஒன்றாகப் பார்க்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேரின் துக்கம் ஒரே வேகத்தில் நடக்காது. பாய் ஒன்றாக இருப்பது போதும்.

மகன் பத்தாம் வகுப்பு முடித்து ஐ.டி.ஐ.-யில் சேர்ந்தான். கடலுக்குப் போகவில்லை. ஞாயிறு திருப்பலிக்கு அம்மாவைக் கொண்டுவிட்டு வெளியிலேயே நிற்கிறான். கடைசியாக நான் பார்த்தபோதும் அப்படித்தான். அவனை உள்ளே இழுக்க யாரையும் விடவில்லை, அம்மாவும் வற்புறுத்தவில்லை. இதை வெற்றி என்று சொல்ல மாட்டேன். இது இன்னும் முடிவுக்கு வராத காரியம், அவ்வளவுதான்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

துக்க வீட்டுக்குச் செபிக்கப் போகிறவரோடு, தாள்களைப் பற்றி விவரம் தெரிந்த ஒருவரும் முதல் நாளிலிருந்தே போக வேண்டும். காவல் நிலையப் புகார், மரபணுச் சோதனை, நிவாரண மனு என்று ஒவ்வொன்றும் இந்த வீட்டில் விசுவாசச் சோதனையாக மாறியதற்கு ஒரு காரணம், அவற்றைச் செபக் கூட்டத்துக்கு வெளியே நிதானமாக விளக்க ஆள் இல்லாதது. வெளியிலிருந்து வரும் செபக் குழுக்களைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். அன்பியத்தில் ஒருவர் அவர்களோடு உட்கார்ந்திருந்து, அவர்கள் போன பிறகும் ஒரு மணி நேரம் வீட்டாரோடு இருந்து, கேட்டதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று பேச வேண்டும். இப்போது எங்கள் பங்கில் அந்த ஏற்பாடு உண்டு.

ஆண்களுக்கு நம் செபக் கூட்டங்களில் இடமே இல்லை என்பதும் இதில் தெரிந்தது. பாயில் உட்காருவது பெண்களும் பிள்ளைகளும். பதினைந்து வயதுப் பையன் எங்கே உட்காருவான்? உயிர் தப்பி வந்த மீனவர்களும் அப்படித்தான், தூக்கமில்லாமல் கடற்கரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பையனை அவர்களில் ஒருவரோடு, வலை பின்னும் இடத்தில் சேர்த்துவைத்திருந்தால் அவன் பேசியிருக்க வாய்ப்பு அதிகம். செபம் அங்கேயே, அவர்கள் சொற்களில் தொடங்கலாம்.

மிக முக்கியமாக நான் கருதுவது சின்ன மகள் விஷயம். பல மாதம் கழித்து, பள்ளி ஆசிரியை ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. புயலன்று இரவு செபமாலையில் தூங்கிவிட்டதால்தான் அப்பா வரவில்லை என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டைத் தள்ளியதும் அதற்கான பரிகாரம்தான். பெரியவர்கள் விசுவாசத்தோடு கேட்டால் கிடைக்கும் என்று அவள் காதுபடச் சொல்லிக்கொண்டே இருந்த வீட்டில், அவள் வேறெப்படி நினைத்திருப்பாள்? சகோதரி அவளை, இயேசு கைதாகும் முன் செபித்த கெத்செமனி பகுதிக்கு வேதாகமத்தில் கூட்டிப்போனார்: அங்கே சீடர்களும் தூங்கினார்கள், அகற்றும்படி இயேசு கேட்ட துன்பக் கிண்ணமும் அகற்றப்படவில்லை, ஆனால் அதற்கு யார் தூக்கமும் காரணம் இல்லை. அவள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

ஆகவே இப்போது எங்கள் குழு ஒரு வீட்டுக்கு முதன்முறை போகும்போது, பெரியவர்கள் செபத்தைத் தொடங்கும் முன்பே ஒருவர் பிள்ளைகளைத் தனியாக வெளியே கூட்டிப்போய் உட்காருகிறார். என்ன நடந்தது என்று நினைக்கிறாய், யாரால் என்று நினைக்கிறாய் என்று கேட்கிறார். பதில் வரும்வரை அங்கேயே இருக்கிறார்.